ராஜாவே, கொழந்த கெடச்சாச்சு!

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு நாடகத்தில்தான் நடித்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு வசனம்தான். அந்த ஒரு வசனத்தை மாற்றிச் சொல்லி ரட்சிப்பின் வரலாற்றையே பாதியில் நிறுத்தப் பார்த்தவன் என்ற பெயர் கடியப்பட்டணத்தில் எனக்கு இன்றைக்கும் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் எவனாவது ஒரு கிழவன், "லே, ஏரோதுக்கச் சிப்பாய் வாறான்" என்பான். பென்ஷன் வாங்குகிற வயசில் இதெல்லாம் தேவையா, சொல்லுங்கள்.

கடியப்பட்டணம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: முட்டம் தெரியுமா? 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' எல்லாம் வந்ததே, அந்த முட்டம். அதற்கு மேற்கே அடுத்த கரை எங்களுடையது. வள்ளியாறு வந்து கடலில் விழுகிற இடம். பாரதிராஜா கேமராவை இன்னும் கொஞ்சம் வலது பக்கம் திருப்பியிருந்தால் நாங்களும் பிரபலமாகியிருப்போம். திருப்பவில்லை. முட்டத்து லைட் ஹவுஸ் வெளிச்சம் மட்டும் ராத்திரியில் ஓசியாகக் கிடைக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 1972 கிறிஸ்துமஸ். எனக்கு வயசு ஒன்பது. ஊரில் நாடகம். ஏரோது மன்னனாக நடித்தவர் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவருக்கு மைக் வைப்பது மைக்குக்கு அவமரியாதை. உபதேசியார்தான் டைரக்டர். எனக்கு ஏரோதின் சிப்பாய் வேஷம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஒட்டிய அட்டைக் கத்தி. "ராஜாவே, எங்கும் தேடிவிட்டோம்! குழந்தை கிடைக்கவில்லை!" இதுதான் வசனம். ஒரு மாசம் ஒத்திகை. கடலில் குளிக்கும்போதுகூட அலையைப் பார்த்து, குழந்தை கிடைக்கவில்லை, குழந்தை கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம்.

குழந்தை இயேசுவாகப் போட வைத்திருந்த பொம்மைக்கு ஒத்திகையில் கை ஒடிந்துபோய்விட்டது. அவசரத்துக்கு ஊரில் தேடியதில் நாலு மாசக் குழந்தை ஒன்று அகப்பட்டது. என் தங்கச்சி.

மேடைக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதுதான் எகிப்து. மாதாவும் சூசையப்பரும் தப்பி ஓடி எகிப்துக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே உட்கார்ந்திருந்த எங்க அம்மா குழந்தையை வாங்கிப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மேடையில் ஏரோது கர்ஜிக்கிறார். "போங்கள்! தேடுங்கள்! குழந்தை இல்லாமல் திரும்பி வருகிறவன் தலை கழுத்தில் இருக்காது!"

ஒத்திகையில் இந்தக் கடைசி வரி கிடையாது. கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் அவராகச் சேர்த்துக்கொண்டது. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தே சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. குழந்தை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு எதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும்?

நேராக எகிப்துக்குப் போனேன். அம்மா என்ன ஏது என்று கேட்பதற்குள் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, "ராஜாவே, கொழந்த கெடச்சாச்சு!" என்றேன்.

ஊரே எழுந்து நின்றுவிட்டது. உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை இயேசு வீறிட்டு அழுகிறது. ஏரோது குழந்தையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார். கொன்றால் சுவிசேஷம் காலி. கொல்லாவிட்டால் ஏரோது காலி. ஏலக்காரர் அல்லவா, ஒரு நொடிதான் யோசித்தார். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்: "லே மடையா! இது பொட்டப் புள்ளலே! பெத்லகேம்ல பொறந்தது ஆம்பளப் புள்ள! கொண்டு போய் இருந்த இடத்தில வச்சிட்டுப் போய் நல்லாத் தேடு!"

அன்றைக்கு விழுந்த கைதட்டல், அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த நாடகத்துக்கும் விழவில்லை. எனக்கு வீட்டில் விழுந்தது வேறு கணக்கு.

* * *

அதற்கப்புறம் இருபது வருஷம் கழித்து, நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏ.ஸி. ரூமுக்குள் போய்த் தரிசனம் செய்கிற காலம். அதில் என்ன செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு புண்ணியவான் ஃப்ளாப்பியில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கொண்டு வந்து போட்டான். அன்றைக்குத் தொட்டு ஆபீஸுக்கு லீவு போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க வாலிபர் 1989-ல் வெளியிட்ட ஆட்டம் அது. தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ படம் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாராம். அதனால்தான் அந்த வெள்ளைச் சட்டை ராஜகுமாரன் நிஜ மனுஷன் மாதிரியே ஓடுவான், வழுக்கி நிற்பான், விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். அறுபது நிமிஷத்துக்குள் ராஜகுமாரியை மீட்க வேண்டும். வழியெல்லாம் முள், பள்ளம், வெட்டுக்கத்தி, மிதித்தால் விழுகிற கல்.

முதல் தடவை போகும்போது எந்தக் கல் விழும் என்று யாருக்குத் தெரியும்? விழுந்து சாக வேண்டியதுதான். இரண்டாம் தடவை அந்தக் கல்லைத் தாண்டிக் குதிப்போம். அடுத்த முள்ளில் சாவோம். இப்படி ஒரு நாளைக்கு நாற்பது மரணம். எங்கள் ஆபீஸில் சாகாதவர் மானேஜர் மட்டும்தான். அவருக்கு ஆடவே தெரியாது.

இதோடு, "பிரின்ஸ் மெகாஹிட்" என்று டைப் அடித்துத் திறந்தால் குறுக்கு வழி வேறு உண்டு. சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அப்படித் திறந்தால் ஒரு பட்டனைத் தட்டி அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். நான் தாவித் தாவி ராஜகுமாரியிடம் போய்ச் சேர்ந்தேன். அவள் கட்டிக்கொண்டாள். எனக்குத்தான் ஏனோ எகிப்திலிருந்து தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு இடம். கண்ணாடிக்குள் பாய்ந்தால் நம் ராஜகுமாரனின் நிழல் தனி ஆளாகப் பிரிந்து போய்விடும். கடைசியில் அவனே கத்தியோடு எதிரில் வந்து நிற்பான். அவனை நாம் குத்தினால் நமக்குத்தான் ரத்தம் குறையும். அவனைக் கொன்றால் நாமும் காலி. கத்தியை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்காமல் நான் என்னையே ஒரு வாரம் குத்திக்கொண்டிருந்தேன்.

* * *

இந்தக் கதைகளையெல்லாம் போன தடவை ஊருக்குப் போனபோது மருமகனிடம் சொன்னேன். மருமகன் என்றால் தங்கச்சி மகன். ஆமாம், அந்தக் குழந்தை இயேசுவின் மகன்தான். கம்ப்யூட்டர் படிக்கிறான். சிரிக்காமல் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க அன்னைக்கு மேடைல செஞ்சதுக்கு ஒரு பேரு உண்டு. மெட்டாகேமிங்" என்றான்.

"அடி விழுந்ததுக்குப் பேரு இருக்கா?"

"அடிக்கு இல்ல, நீங்க செஞ்சதுக்கு. சிப்பாய்க்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரிஞ்சத வச்சி சிப்பாய நடக்க வச்சிட்டிய. அதான் தப்பு."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு ஆட்டத்தை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேஜை, காகிதம், பென்சில், பல கோணத்தில் தாயக்கட்டை. ஆளுக்கு ஒரு வேஷம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன். ஒருத்தர் மட்டும் வேஷம் போடாமல் கதையை நடத்துவார்.

"நடத்துநரா? டிக்கெட்டும் கிழிப்பாரா?" என்றேன்.

"மாமா, ஒரு நிமிசம் சும்ம இரிங்க."

அந்த ஆட்டத்தில் டிரோல் என்று ஒரு பூதம் வரும். வெட்ட வெட்டக் காயம் ஆறிக்கொண்டே இருக்கும். நெருப்பு வைத்தாலோ, அமிலம் ஊற்றினாலோதான் சாகும். புஸ்தகத்தைப் படித்தவனுக்கு இது தெரியும். ஆனால் அவன் போட்டிருக்கிற வேஷமோ நேற்றைக்குத்தான் கிராமத்தை விட்டுக் கிளம்பிய ஒரு பையன். பூதத்தையே முதல் தடவையாகப் பார்க்கிறான். அவன் பார்த்த உடனே தீவட்டியைத் தூக்கினால் மற்றவர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். ஆட்டக்காரன் அறிவு வேறு, வேஷக்காரன் அறிவு வேறு. அதை இதில் கலக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

எனக்கு உடனே ஜராசந்தன் ஞாபகம் வந்தான். பீமன் இரண்டாகக் கிழித்துப் போடப் போட ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கிறான். பீமனுக்கு வழி தெரியவில்லை. ஓரமாக நிற்கிற கிருஷ்ணர் ஒரு துரும்பைக் கிழித்து இடது பாதியை வலது பக்கமும் வலது பாதியை இடது பக்கமும் மாற்றிப் போட்டுக் காட்டினார். அவ்வளவுதான், ஜராசந்தன் கதை முடிந்தது. துரியோதனன் கதையிலும் தொடையைத் தட்டிக் காட்டிய விவகாரம் உண்டு. மகாபாரதத்துக்கே 'மெகாஹிட்' யாரென்று இப்போது புரிகிறது.

"அப்படின்னா கர்ணன்?" என்று கேட்டேன். "வாறது இந்திரன், கவச குண்டலத்தப் பிடுங்கத்தான் வாறான்னு சூரியன் முன்கூட்டியே வந்து சொல்லியாச்சு. தெரிஞ்சும் குடுத்தானே?"

மருமகன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அவன்தான் மாமா நல்ல ஆட்டக்காரன். தெரிஞ்சத வச்சித் தப்பிக்கல. கர்ணன்னா என்ன செய்வானோ அதச் செஞ்சான்."

"அப்பம் நான் பெர்ஷியால செத்துச் செத்துப் படிச்சது தப்பா?"

"அது தப்பில்ல. அந்த கேம கட்டினதே அப்படித்தான். விழுந்துதான் படிக்கணும். வேஷம் போடுற கேம்ல மட்டும்தான் இந்தப் பிரச்னை." இன்னும் இரண்டு உதாரணம் சொன்னான். 2014-ல் 'அன்ரெஸ்ட்' என்று நம் நாட்டுக்காரர்களே செய்த ஆட்டம் ஒன்று வந்ததாம். பஞ்சம் பிடித்த ஒரு பழைய காலத்து நகரம். ஒரு கட்டத்தில் நீங்கள் கிராமத்துப் பெண், இன்னொன்றில் ராஜகுமாரி, இப்படி மாறி மாறி வேஷம். அரண்மனையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அந்தக் கிராமத்துப் பெண்ணுக்குத் தெரியாது. அடுத்த வருஷம், 2015-ல், டோபி ஃபாக்ஸ் என்பவர் செய்த 'அண்டர்டேல்' இன்னும் மோசம். நீங்கள் ஒருத்தரைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் ஆட்டத்தைப் பழைய இடத்திலிருந்து தொடங்கி அவரைக் காப்பாற்றினால், "போன தடவை நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும்" என்று அதிலுள்ள ஒரு பூ உங்களையே குத்திக் காட்டுமாம்.

எங்கள் ஊர் டீக்கடைக் கிழவன்களை வைத்து செய்த ஆட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

* * *

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். "மாமா, நானும் ஒரு கேம் செஞ்சிட்டிருக்கேன். காலேஜுக்குக் குடுக்கணும். ஒரு எடத்தில மாட்டிக்கிட்டேன்."

ஆட்டத்தின் பேர் 'வள்ளம்'. சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்த எங்கள் ஊர். கோயில், மணல், தென்னை, வரிசையாக ஃபைபர் வள்ளங்கள், தூரத்தில் முட்டத்து லைட் ஹவுஸ். லுங்கியும் சட்டையுமாக ஒரு ஆள். அவன்தான் நாம். ராத்திரி எழுந்திருக்க வேண்டும், வலையை எடுக்க வேண்டும், கூட்டாளி வீட்டுக்குப் போய் அவனைக் கூப்பிட வேண்டும், இரண்டு பேருமாக வள்ளத்தைத் தள்ள வேண்டும். மூலையில் தேதி எழுதியிருந்தது.

29 நவம்பர் 2017.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ராத்திரி கடலுக்குப் போனவர்கள் மறுநாள் 30-ந்தேதி காலையில் ஓக்கி புயலுக்குள் இருந்தார்கள். அதற்கு முன்பே தங்கு கடலுக்குப் போய்ப் பல நாளாகத் திரும்பாத போட்டுகளும் இருந்தன. ஓக்கி என்பது வங்கதேசம் வைத்த பேர். வங்காளத்தில் கண் என்று அர்த்தம். குமரி மாவட்டத்தில் மரமெல்லாம் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலுமாகச் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கணக்கில். புயல் அரபிக்கடலைச் சுற்றிக்கொண்டு குஜராத் பக்கம் போய் அடங்கும்போது டிசம்பர் 5-ந்தேதி.

என் தங்கச்சி மாப்பிள்ளை அந்த ராத்திரி வள்ளத்தில் போனவர். வள்ளம் கவிழ்ந்து அதைப் பிடித்துக்கொண்டே மூன்று ராத்திரி கடலில் கிடந்தார். வேறு வள்ளக்காரர்கள் பார்த்து ஏற்றி வந்தார்கள். உடன் போன கூட்டாளி இரண்டாம் ராத்திரி கைவிட்டுவிட்டார். சின்ன வயசிலிருந்து ஒன்றாகவே வலை பிடித்தவர்கள். அப்போது மருமகனுக்கு வயசு பதினாலு. இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் இதுவரை எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை.

"மாமா, ஒருத்தன் முதல் தடவ ஆடும்போது அவனுக்கு ஒண்ணும் தெரியாது. போவான், மாட்டிக்குவான். ரெண்டாவது தடவ ஆடும்போது புயல் வருதுன்னு தெரிஞ்சு போச்சே. கடலுக்கே போக மாட்டான். வீட்டில படுத்துக்கிடுவான். கேம் முடிஞ்சு போச்சு. நான் அவன போக வைக்கணுமா, விடணுமா?"

"ரெண்டாவது தடவ தேதிய மாத்திப்பிடு."

"தேதிய மாத்தினா அது பொய்யில்லியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சொன்னானே தவிர அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னான். அதைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மாமா, கேம்ல ஆட்டக்காரன் மேல இருந்து பாக்கான். எல்லாம் தெரியும். வேஷக்காரன் கீழ நிக்கான். ஒண்ணும் தெரியாது. நெசத்திலயும் அப்படித்தானே. மேல சாட்டிலைட் இருக்கு, புயலப் பாக்கு. கீழ வள்ளத்தில இருக்கவனுக்குத் தெரியல்ல. கேம்ல மேல உள்ளவன் கீழ உள்ளவனுக்குச் சொன்னா கள்ளக்களி. நெசத்தில சொல்லல்லேன்னாதான் கள்ளக்களி."

2019-ல் மத்திய அரசு 'ஜெமினி' என்று ஒரு கருவியை வெளியிட்டது. செல்போன் சிக்னல் எட்டாத நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை வள்ளத்துக்கே அனுப்புகிற கருவி. மருமகன் கணக்கில், ஆட்டக்காரனுக்குத் தெரிந்ததை வேஷக்காரன் காதில் ஓதுகிற கருவி. ஓரமாக நின்று துரும்பைக் கிழித்துக் காட்டுகிற கருவி. ஓக்கிக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது.

* * *

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை உள்ளே வந்தார். சாளை விற்ற கணக்கைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, "மாமனும் மருமவனும் என்ன பாத்திட்டிருக்கிய?" என்று எட்டிப் பார்த்தார். மருமகன் மடிக்கணினியை மூடப் பார்த்தான். அதற்குள் அவர் தேதியைப் பார்த்துவிட்டார்.

ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்படிலே இத ஆடணும்?"

"அப்பா, வேண்டாம்."

"காட்டுலே."

எந்தப் பட்டனைத் தட்டினால் நடக்கும், எதைத் தட்டினால் எடுக்கும் என்று மருமகன் சொல்லிக் கொடுத்தான். வலைக்கயிறு இழுத்துத் தழும்பேறிய விரல். அது ஒரு பட்டனைத் தட்டினால் மூன்று பட்டன் அமுங்குகிறது. ஆள் சுவரில் போய் முட்டினான். தென்னையில் முட்டினான். கோயில் கதவில் முட்டினான். "இவன் என்னலே குடிச்சிருக்கானா?" என்றார். தங்கச்சி அடுக்களை வாசலில் வந்து நின்று சிரித்தாள். எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

திரையில் கேள்வி வந்தது: கடலுக்குப் போகலாமா? போ. போகாதே.

அவர் யோசிக்கவே இல்லை. 'போ' என்று தட்டினார்.

மருமகனுக்குத் தாங்கவில்லை. "அப்பா, புயல் வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்லே. இவனுக்குத் தெரியாதுல்லா?" என்று திரையில் இருந்த ஆளைக் காட்டினார். "அன்னைக்கு எனக்கே தெரியாதே. இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் போவத்தான் செய்வான். வீட்டில அரிசி வேண்டாமா?"

கைகாக்ஸும் ஆர்னெசனும் பார்த்திருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்கள். ஐம்பது வருஷமாக உலகம் பூராவும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுகிற விஷயம். எங்கள் மாப்பிள்ளை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

வலையை எடுத்தார். டீசல் கேனை எடுக்கப் போய், "மண்ணெண்ணெய்லா எடுக்கணும், மோட்டாருக்கு டீசல் எதுக்கு?" என்று மகனைத் திருத்தினார். மகன் குறித்துக்கொண்டான். வள்ளம் நிற்கிற இடத்தைப் பார்த்து, "இதுக்கு நேர உள்ள பாறைய நீ வரையல்லியே" என்றார்.

"அது தண்ணிக்கடியில இருக்கு. யாருக்கும் தெரியாதுல்லா அப்பா."

"நமக்குத் தெரியுமே. எவனோ ஒருத்தன் அதில இடிச்சுச் செத்ததாலதான் எனக்குத் தெரியும். எங்க அப்பன் எனக்குச் சொன்னது. கடல்ல எல்லாம் அப்படித்தான். ஒருத்தன் சாவான், மத்தவன் படிப்பான்."

நான் ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்து நாளைக்கு நாற்பது தடவை செத்ததை நினைத்துப் பார்த்தேன். எனக்காகச் செத்ததும் நான், படித்ததும் நான். சௌகரியமான படிப்பு.

ஆள் நடந்து நடந்து, ஒருவழியாகக் கூட்டாளி வீட்டு வாசலுக்கு வந்தான். மூடின கதவு. பக்கத்தில் ஒரு முருங்கை மரம். நிஜ வீட்டிலும் அந்த மரம் உண்டு. திரையில் கேள்வி: கூட்டாளியைக் கூப்பிடலாமா? கூப்பிடு. கூப்பிடாதே.

மாப்பிள்ளையின் விரல் அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் கேட்டது. கடல் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமென்று தெரியாது. எனக்கு அறுபது நிமிஷம் மாதிரி இருந்தது.

'கூப்பிடாதே' என்று தட்டினார்.

"அவன் தூங்கட்டும்லே" என்றார். "நான் மட்டும் போறேன்."

மருமகன் வாயைத் திறக்கவில்லை. மெட்டாகேமிங் என்று சொல்லவில்லை. ஆட்டக்காரன் அறிவு, வேஷக்காரன் அறிவு என்று எதுவும் சொல்லவில்லை. தன் உயிருக்கு ஒரு நூல்கூடக் கள்ளக்களி ஆடாத மனுஷன், கூட்டாளி வாசலில் மட்டும் ஆடினார். எந்த நடத்துநர் அவரிடம் டிக்கெட் கேட்க முடியும்?

திரை அசையவில்லை. ஆள் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தான். மாப்பிள்ளை இரண்டு பட்டனைத் தட்டிப் பார்த்தார்.

"என்னலே, நின்னு போச்சு?"

"அப்பா... அந்தப் பக்கத்துக்கு நான் ஒண்ணும் எழுதல்ல. 'கூப்பிடாதே'ன்னு சும்மா போட்டு வச்சிருந்தேன். யாரும் தட்ட மாட்டாங்கன்னு நெனச்சேன். இனிமேதான் எழுதணும்."

மாப்பிள்ளை எழுந்தார். மகன் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். "எழுது. ஆனா சட்டுன்னு எழுதாத. கொஞ்ச நேரம் அவன் அப்படியே தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வலை பழுது பார்க்க வெளியே போனார்.

* * *

தங்கச்சி எனக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். கண் சிவந்திருந்தது. என்னிடம் வம்பிழுத்தால்தான் அவளுக்குச் சரியாகும்.

"ஒங்களுக்கு ஒரு கொழந்தைய எகிப்துல விட்டு வைக்க மனசு வரல்ல. அவியளப் பாருங்க" என்றாள்.

"நான் ஒன்னக் காட்டிக் குடுத்தாலும் ஏரோது விட்டுட்டாருல்லா?" என்றேன்.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஏலக்காரருக்கும் எல்லாம் தெரியும். அவர் போட்டிருந்த வேஷம் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஆனாலும் கையில் அழுகிற ஒரு குழந்தையைப் பார்த்ததும், வேஷத்தை விட்டு ஒரு அடி வெளியே வந்து, இருந்த இடத்திலேயே கொண்டு போய் வை என்று சொன்னார். நாடகமும் பிழைத்தது, குழந்தையும் பிழைத்தது. எப்போது வேஷத்துக்குள் நிற்க வேண்டும், எப்போது ஒரு அடி வெளியே வர வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த ஒரு ஏரோது.

அன்று ராத்திரி மாப்பிள்ளை கடலுக்குக் கிளம்பும்போது நான் விழித்துக்கொண்டிருந்தேன். செல்லை எடுத்துக் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று பார்த்தார். மருமகனும் தன்னுடைய செல்லில் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே கணக்குச் சொன்னார்கள். அதற்கப்புறமும் மாப்பிள்ளை வாசலில் நின்று வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

காலையில் கரைக்குப் போனேன். வள்ளம் வந்து சேர்ந்திருந்தது. டீக்கடைக் கிழவன் என்னைப் பார்த்து, "என்னலே சிப்பாய், இன்னைக்கு யாரத் தேடி வந்தே?" என்றான்.

"கெடச்சாச்சு" என்றேன்.